வெக்கைக்கு ஒரு சட்டை, புழுக்கத்துக்கு வேறொன்று

எதிர் ஃபிளாட்டுக்காரர் லிஃப்ட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் சங்கிலி. அதன் மறுமுனையில் இரண்டு வயது சைபீரியன் ஹஸ்கி, நாக்கு தரையைத் தொடாத குறை.

“கத்திரி ஆரம்பிக்கிறதுக்குள்ள இவனுக்கு ஒரு கூலிங் வெஸ்ட் வாங்கிடலாம்னு இருக்கேன் மேடம். உங்க பூந்திக்கு வாங்கியிருக்கீங்களாமே, எது நல்லது?”

“உங்க பால்கனியில ஈரத் துண்டு போட்டா எவ்வளவு நேரத்துல காயும் சார்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. ஆனால் நாய்க்குக் குளிர்ச்சட்டை வாங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். மூன்று மாடி இறங்குவதற்குள் அதை விளக்க முடியவில்லை. இங்கே முயல்கிறேன்.

பூந்தி எங்கள் வீட்டு கோல்டன் ரெட்ரீவர். லட்டு பிடிக்கக் கொட்டிவைத்த பூந்தியின் நிறம், எடை 30 கிலோ. ஆண்டில் பாதி எங்களோடு சென்னைத் திருவான்மியூரில் இருப்பாள், மீதி நாள் வேலூர்ப் பக்கத்துக் காட்பாடியில் என் மாமியார் வீட்டில். வீட்டுச் சௌகரியத்துக்காக வந்த ஏற்பாடுதான், ஆனாலும் ஒரே நாய், ஒரே சட்டை, இரண்டு ஊர் என்று ஆய்வகத்தில் திட்டமிட்டால்கூட இவ்வளவு ஒழுங்காக அமையாது.

நாங்கள் வாங்கியது தண்ணீரில் முக்கிப் பிழிந்து மாட்டுகிற வகை. முதுகை மூடும் அகலத் துணி, வயிற்றைச் சுற்றி வரும் ஒரு பட்டை. காட்பாடியில் மே மாத நண்பகலில் மாட்டிவிட்டால் கால்மணி நேரத்தில் பூந்தியின் இரைப்பு தணியும். ஒரு மணி நேரத்தில் சட்டை காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும், மறுபடி முக்க வேண்டும். அதே சட்டையைத் திருவான்மியூரில், கடல்காற்று வந்து ஊரே ஈரமான ஒரு சாயங்காலத்தில் மாட்டினேன். இரைப்பு குறையவே இல்லை. அரைமணி கழித்துச் சட்டைக்கடியில் கையைவிட்டால் இட்லிப் பானைக்குள் விட்ட மாதிரி இருந்தது. பூந்தி தன் கருத்தைப் பட்டையைக் கடித்துத் துண்டாக்கித் தெரிவித்தாள்.

சட்டையில் எந்தக் கோளாறும் இல்லை. அது வெக்கைக்குத் தைத்த சட்டை, நான் அதைப் புழுக்கத்தில் மாட்டினேன். இந்த இரண்டு சொற்களையும் நாம் எப்போதும் பிரித்தே சொல்கிறோம். வேலூர்க்காரர் வெக்கை தாங்கவில்லை என்பார், சென்னைக்காரர் புழுங்குகிறது என்பார். இரண்டும் வெவ்வேறு சங்கடம் என்பது உடம்புக்குத் தெரியும். நாயின் உடம்புக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நாய் சும்மா படுத்திருந்தாலும் ஓர் அடுப்புதான். கால்நடை மருத்துவர்கள் தீவனக் கணக்குக்குப் பயன்படுத்தும் சூத்திரப்படி, 30 கிலோ நாய் ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கிலோ கலோரி எரிக்கிறது. இதை வாட்டில் மாற்றினால் 43 வரும். அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பு ஒன்று ரோமப் போர்வைக்குள் இரவும் பகலும் எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் துளிக்கூட வெளியேறாமல் போனால் நாயின் உடல் 40 நிமிடத்தில் 1 டிகிரி சூடேறும். பந்து எறிந்து விளையாடினால் அடுப்பு மும்மடங்கு எரியும், அப்போது 13 நிமிடத்துக்கு 1 டிகிரி. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டியும் இறங்காமல் நின்றால் உயிருக்கு ஆபத்து. நடுவில் இருப்பது ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் உணவு இடைவேளைக்குள் முடிந்துவிடக்கூடிய தூரம்.

நமக்கு இந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பெங்கும் வியர்வை உண்டு. நாய்க்கு அப்படி வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டும். டாக்டர் மேசையின் ஸ்டீல் பரப்பில் பயந்த நாய் விட்டுப்போகும் ஈரத் தடம் அதுதான். குளிர்விக்கும் வேலையில் பெரும்பங்கு மூச்சின் தலையில் விழுகிறது, அதாவது இரைப்பின் தலையில்.

இரைப்பை நாம் தவிப்பாகப் பார்க்கிறோம். பொறியாளர் பார்த்தால் அசந்துபோவார். சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சுவிடும் நாய், இரைக்கத் தொடங்கியதும் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவலில் 300-க்குப் போய்விடும். 1962-இல் உடலியல் ஆய்வாளர் இயூஜின் கிராஃபோர்டு இதற்கான காரணத்தை அளந்து காட்டினார். நெஞ்சுக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஓர் ஊஞ்சல் மாதிரி, அவற்றுக்கென்று இயல்பான ஆட்ட வேகம் ஒன்று உண்டு. நாய் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு இரைக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளுகிறவருக்குக் கை வலிக்காது. இரைக்கும் உழைப்பே புதுச் சூட்டை உண்டாக்கிவிடாமல் இருப்பது இதனால்தான். 1970-இல் உடலியலாளர் ஷ்மிட்-நீல்சனும் கூட்டாளிகளும் இன்னொன்று கண்டார்கள். காற்று பெரும்பாலும் மூக்கு வழியே உள்ளே போய் வாய் வழியே வெளியே வருகிறது. நாய் மூக்கின் உட்புறம் மடிப்பு மடிப்பாகச் சுருண்ட ஈரப் பரப்பு. காற்று அதன்மீது ஓடி, ஆவியைச் சுமந்துகொண்டு, திரும்பவும் மூக்கை நனைக்காமல் நாக்கின் மேலாக வெளியேறிவிடுகிறது.

ஆனால் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வந்தால் அதன்மேல் எவ்வளவு ஏற்ற முடியும்? ஒரு நாள் காட்பாடித் தாழ்வாரத்து நிழலில் 39 டிகிரி. இன்னொரு நாள் திருவான்மியூர் வரவேற்பறையில் 33. வெப்பமானியை மட்டும் பார்த்தால் சென்னைதான் சொகுசு. ஆனால் நாய் வெளிவிடும் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 46 கிராம் நீராவியைத் தாங்கும். காட்பாடியில் உள்ளே போன காற்றில் இருந்தது 13 கிராம், எனவே 33 கிராமை ஏற்றி அனுப்பலாம். திருவான்மியூரில் உள்ளே போகும்போதே 26 கிராம், ஏற்ற இடமிருப்பது 20 கிராமுக்குத்தான். அதே வேகத்தில், அதே உழைப்பில் இரைத்தும் நாயின் கூலி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்படுகிறது.

சட்டைக்கும் இதே விதி. நம் பாட்டிகள் மண்பானையை வைத்து இதையே நடத்தினார்கள். பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறபோது, ஒவ்வொரு கிராமும் 2.4 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகி எடுப்பதைப் போல ஏழு மடங்கு. ஏர்கூலரின் வயிற்றில் நடப்பதும் இதுவே. வேலூரிலும் மதுரையிலும் நன்றாக ஓடும் ஏர்கூலர் சென்னைக்கு வந்தால் ஏன் பரணுக்குப் போகிறது என்பது தெரிந்தவர்களுக்கு நாய்ச்சட்டையைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு சின்னப் பரிசோதனை. சாதாரண வெப்பமானியின் குமிழைப் பஞ்சில் சுற்றி நனைத்து, மின்விசிறிக்கு எதிரே பத்து நிமிடம் வையுங்கள். அது இறங்கி நிற்கும் அளவுக்குப் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. நிழலில் காற்றுப்பட இருக்கும் எந்த ஈரத்துணியும் அதற்குக் கீழே போக முடியாது, விலை எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும். காட்பாடியில் அன்று 39 டிகிரிக் காற்றில் என் ஈரப் பஞ்சு 24-க்கு இறங்கியது. திருவான்மியூரில் 33 டிகிரிக் காற்றில் 29-லேயே நின்றுவிட்டது. அதிக வெயிலடித்த ஊரில்தான் சட்டை 5 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தது! வெப்பமானியும் பஞ்சும் வேண்டாம் என்றால் கொடியில் துண்டு போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்தால் ஈரச்சட்டை உங்கள் ஊருக்கு ஒத்துவரும். சாயங்காலம் வரை சொதசொதவென்று இருந்தால் சட்டையும் நாயின்மேல் அப்படித்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது எந்த நாய்க்கும் பொருந்தும். அடர்ந்த ரோமக்காரர்களுக்கு வேறொரு வில்லங்கம் இருக்கிறது.

பூந்தியின் கொள்ளுப்பாட்டிகள் ஸ்காட்லாந்துக்காரர்கள். மலைநாட்டில் குயிசக்கன் என்ற தன் பண்ணையில் ட்வீட்மவுத் பிரபு 1868-இல் பிறக்கவைத்த குட்டிகளிலிருந்து தொடங்குகிறது இந்த இனம். சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த ஏரிக்குள் நீந்திப் போய்க் கவ்விவர வேண்டும், அதுதான் வேலை. அதற்கேற்ற உடுப்பும் கிடைத்தது. மேலே தண்ணீர் ஒட்டாத நீள முடி, அடியில் பஞ்சுபோல் காற்றைப் பிடித்துவைக்கும் குட்டை ரோமம். ஏரித் தண்ணீர் தோலைத் தொடாமல் காக்கவே உண்டான கோட்டு அது. அதன்மேல் நான் ஈரச்சட்டையைப் போட்டு, ஈரம் தோலுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்த்தேன்! ஹஸ்கியின் கதையும் இதுவே, அங்கே ஸ்காட்லாந்துக்குப் பதில் சைபீரியா.

ஃபிளாஸ்க்குக்கு உள்ளே இருப்பது காபியா ஐஸ்கட்டியா என்று தெரியாது. உள்ளிருப்பதை வெளியே விடாது, வெளியிலிருப்பதை உள்ளே விடாது, அவ்வளவுதான். ரோமமும் அப்படியே. வெளியிலிருந்து வரும் குளிர்ச்சியையும் அது குளிர்காலத்துப் பனியாகவே நினைத்துத் தடுக்கும்.

எவ்வளவு தடுக்கும் என்று ஒருநாள் பழைய பேப்பரில் கணக்குப் போட்டேன். உலர்ந்த ரோமம் வெப்பத்தைக் கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.04 வாட் அளவு, தெர்மாகோலைவிட அதிகம் சொல்ல முடியாது. முதுகில் 3 சென்டிமீட்டர் ரோமம், சட்டை மூடும் பரப்பு 0.2 சதுர மீட்டர், தோல் 36 டிகிரி, சட்டை காட்பாடியின் 24 டிகிரி என்று வைத்தால் நாயிலிருந்து சட்டைக்குப் போகும் வெப்பம் 3 வாட். நாய் 43 வாட்டில் எரிந்துகொண்டிருக்கிறது, முதுகை முழுக்க மூடிய சட்டை இழுப்பது 3 வாட்! வயிற்றுக்கு அதே கணக்கைப் போட்டேன். அங்கே முடி மெல்லிசு, 3 மில்லிமீட்டர் இருக்கலாம். பட்டை தொடும் பரப்பு முதுகில் கால்பங்குதான், 0.05 சதுர மீட்டர். ஆனாலும் விடை 8 வாட் வந்தது. தோராயக் கணக்குதான், எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். ஆனால் எப்படி நகர்த்தினாலும் முதுகு ஜெயிக்காது. காட்பாடியில் சட்டை வேலை செய்தது என்றேனே, அதில் பெரும்பங்கு வயிற்றுப் பட்டையுடையது. முதுகுத்துணி வெயில் படும்போது குடை பிடித்தது, மற்றபடி அலங்காரம்.

கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை குதிரைச் சேணம் மாதிரி முதுகை மட்டும் மூடுகிறவை. பிரதிபலிப்புப் பட்டை, கைப்பிடி, பெயர் எழுத இடம் எல்லாம் முதுகில் இருக்கும், அடியில் இரண்டு நாடா. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்களின் குட்டை முடிக்கு அந்த வடிவம் போதும். அவற்றுக்கு ஈரம் உடனே தோலில் படும், ஒருவேளை சட்டையே தேவைப்படாது என்பது வேறு விஷயம். அடர் ரோமக்காரருக்கு நெஞ்சுக்கு அடியிலும் முன்கால் அக்குளிலும் வயிற்றிலும் படிகிற துணிதான் துணி. அதையும் உலர்ந்த ரோமத்தின்மேல் மாட்டுவது வீண். முதலில் அந்த இடங்களில் விரலால் ரோமத்தை விலக்கித் தோல் வரை தண்ணீர் விட வேண்டும். ரோமத்துக்குள் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெப்பம் கடக்கும் வழி பல மடங்கு அகலமாகிவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, “அப்படின்னா ரோமத்தையே வழிச்சு எடுத்துட்டா?” எதிர் ஃபிளாட்டுக்காரரும் கேட்டார். ஷ்மிட்-நீல்சன் 1950-களில் சகாராவில் ஓர் ஒட்டகத்தின் ரோமத்தை மழித்துப் பார்த்தார். மழிக்காததைவிட அதற்கு ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக நீர் செலவானது, ஏனென்றால் வெயிலின் சூட்டைத் தோலிலிருந்து தள்ளியே நிறுத்திவைத்திருந்தது அந்த ரோமம்தான். ஒட்டகம் ரோமத்துக்கடியில் வியர்க்கும், நாய்க்கு அது கிடையாது. அதனால் இந்த முடிவை அப்படியே நாய்க்கு ஒட்டிவிடக் கூடாது. வெயிலில் நடக்கும் நாய்க்கு ரோமம் குடை, நிழலில் படுத்திருக்கும் நாய்க்கு அது கம்பளி என்று சொல்வதே நியாயம். ஆனால் இரட்டை ரோம நாய்களை ஒட்ட மழித்தால் சிலவற்றுக்கு முடி திரும்ப ஒழுங்காக முளைப்பதில்லை, தோலும் வெயிலில் கருகும். நான் மழிக்க மாட்டேன். அடியில் உதிர்ந்து சிக்கி நிற்கும் செத்த ரோமத்தைச் சீப்பால் வாரி எடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரினால் இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு ரோமம் வரும். அதன்பின் மின்விசிறிக் காற்று தோல் வரை போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தச் சட்டையையும்விட இந்தச் சீப்பு மலிவு.

இனி, புழுக்க ஊர்க்காரர்களுக்கு என்று விற்கப்படும் இரண்டாம் வகை. இதில் தண்ணீர் ஆவியாவதில்லை. மெழுகு போன்ற ஒரு பொருளைப் பைகளில் அடைத்து, சட்டையின் பாக்கெட்டுகளில் செருகியிருப்பார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அது கட்டியாகும். நாயின்மேல் மாட்டினால் 15 டிகிரி போன்ற ஒரு நிலையான வெப்பநிலையில் உருகிக்கொண்டே வெப்பத்தை வாங்கும். முழுதும் உருகும்வரை அதன் வெப்பநிலை ஏறாது. காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தாலும் உருகுவது நிற்காது. ஃபிரீசர் ஐஸ்பையைவிட இது மேல். ஐஸ் 0 டிகிரியில் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், உள்ளிருக்கும் சூடு மேலே வரும் பாதையே அடைபடும். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் தோலும் புண்ணாகும்.

இதிலும் வேறொரு பள்ளம் உண்டு, அதில் நானே விழுந்தேன். ஒரு கிலோ மெழுகுப் பை உருகி வாங்கக்கூடிய வெப்பம் சுமார் 200 கிலோ ஜூல். வயிற்றுப் பக்கம் 14 வாட் வீதம் இழுத்தால் நாலு மணி நேரம் வர வேண்டும். பூந்தியின் சட்டையில் முக்கால் மணி நேரம்கூட வரவில்லை. பைகளை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த மோர் டம்ளர்மேல் முத்து முத்தாக நிற்குமே, அதே தண்ணீர். ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச்செல்கிற நீர், படியும்போது அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கிராமுக்கு 2.4 கிலோ ஜூல், அதில் பேரமே கிடையாது. 83 கிராம் பனித்துளி பையின்மேல் படிந்தால் 200 கிலோ ஜூலும் தீர்ந்தது. அரை டம்ளர்கூட இல்லை. பூந்தியைக் குளிர்விக்க வாங்கிய பை திருவான்மியூரின் கடல்காற்றைக் குளிர்வித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே மெழுகுச் சட்டையை வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, வெளிப்புறம் எப்படி மூடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். நாயின் பக்கம் மெல்லிய துணியும், வெளிப்பக்கம் ஈரம் புகாத, தடித்த நுரை அடுக்கும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே துணியாக இருந்தால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். எடையும் கவனம். நடுத்தர நாய்க்கு ஒன்றரைக் கிலோ சுமையை ஏற்றினால் அதைச் சுமக்கும் உழைப்பும் சூடாகத்தான் மாறும். கிராஃபோர்டின் ஊஞ்சலை நினைத்துக்கொண்டால், நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது என்பதும் தானாகவே விளங்கும். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

ஜெல் மணி தைத்த சட்டைகள் என்று இன்னொரு ரகம். குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கிற அதே உறிஞ்சும் பொருள். நிறையத் தண்ணீரைப் பிடித்துவைக்கும், மெதுவாகத்தான் விடும். நமக்கு வேண்டியதோ வேகமாக விடுவது. கடிக்கிற நாயாக இருந்தால் மணிகள் வயிற்றுக்குள் போய் ஊதும் கவலை வேறு. பூந்தியின் பட்டைக் கதை தெரிந்தவர்கள் நான் ஏன் அதை வாங்கவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: வெளிர் நிறம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் அளவுக்குக் கொட்டும். கறுப்புச் சட்டையின் தண்ணீர் வெயிலோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், நாய்க்கு மிச்சமிருக்காது.

மாட்டியபின் நம்ப வேண்டியது கையை மட்டும். கால்மணிக்கு ஒருமுறை சட்டைக்கும் ரோமத்துக்கும் அடியில், தோல் வரை விரலை விடுங்கள். சில்லென்று இருந்தால் விடலாம். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அது சட்டை அல்ல, போர்வை. கழற்றியபின் நாயை உலர்த்தாமல் விட்டால் அடுத்த தொல்லை வரும். அடி ரோமத்தில் இரவெல்லாம் ஈரம் நின்றால் சிவந்து புண்ணாகி நீர் வடியும், நாய் வளர்ப்போர் ஹாட் ஸ்பாட் என்பார்கள். கோல்டன் ரெட்ரீவருக்கு அது சீக்கிரம் வரும். சென்னை மாதிரி ஊரில் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்தத் தயாராக இல்லாதவர்கள் ஈரச்சட்டை பக்கம் போகாமலிருப்பது நல்லது.

சட்டை மாட்டியாயிற்று என்ற தைரியத்தில் நண்பகலில் நாயை ஓடவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகவே பயம். லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரியின் வெட்காம்பஸ் திட்டத்தில், பிரிட்டனில் 2016-இல் மருத்துவம் பார்க்கப்பட்ட 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வெப்ப நோய் கண்ட 395 நாய்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இறந்தது. இனவாரியாகப் பார்த்தால், லாப்ரடாரை ஒன்று என்று வைத்தால் சௌ சௌ நாய்க்கு அபாயம் 17 மடங்கு. அடர்ந்த ரோமமும் சப்பை மூக்கும் ஒன்றுசேர்ந்த இனம் அது. அதே திட்டத்தின் பதிவுகளில் காரணம் தேடியபோது, நான்கில் மூன்று நாய்கள் வெப்ப நோயில் விழுந்தது உடற்பயிற்சியால் என்று தெரிந்தது. பூட்டிய காரால் விழுந்தது இருபதில் ஒன்று. இது வெயிலுக்கே பேர்போகாத பிரிட்டனில்!

நாய் தள்ளாடினால், எச்சில் கயிறுபோல் ஒழுகினால், ஈறு செங்கல் நிறமானால், வாந்தி எடுத்தால் சட்டையின் வேலை அத்தோடு முடிந்தது. முதலில் அதைக் கழற்றுங்கள். நிழலில் நிறுத்தி, உடம்பெல்லாம் தோல் வரை தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், அது மறுபடியும் என் இட்லிப் பானைதான். கொஞ்சம் குளிர்வித்தபின் டாக்டரிடம் கொண்டுபோங்கள், வண்டியில் ஜன்னலைத் திறந்தோ ஏசியைப் போட்டோ. குளிர்விப்பது முதலில், பயணம் அதற்கப்புறம் என்பதே இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரிசை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணிநாய் மையத்தில் அண்மையில் ஒன்று செய்து பார்த்தார்கள். ஓடிச் சூடேறிய நாய்களுக்குக் கழுத்தில் ஐஸ்பை, கழுத்தில் ஈரத்துண்டு, அக்குளில் ஈரத்துண்டு என்று ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்டார்கள். ஜெயித்தது இவை எதுவுமில்லை, ஒரு வாளி. தண்ணீருக்குள் போட்ட தின்பண்டத்தை எடுக்கத் தலையை முக்கப் பழக்கிய நாய்களுக்கே உடல்சூடு சீக்கிரம் இறங்கியது. மூக்கும் முகமும் ரத்தம் நிறைய ஓடும், ரோமம் குறைந்த இடங்கள் என்பதை யோசித்தால் ஆச்சரியமில்லை. பூந்திக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டேன், வாளியில் கேரட் துண்டுகள் போட்டு. மயங்கிக் கிடக்கும் நாய்க்கு இதைச் செய்யக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

எதிர் ஃபிளாட்டுக்காரர் கடைசியில் என்ன வாங்கினார் என்றால், ஓர் அகலமான சீப்பும் தரையோடு வைக்கும் மேசை விசிறி ஒன்றும். மெழுகுச் சட்டை ஒன்றையும் பார்த்துவைத்திருக்கிறார், வெளியில் நுரை அடுக்கு இருக்கிறதா என்று என்னை வந்து தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஈரச்சட்டை இப்போது காட்பாடியிலேயே தங்கிவிட்டது. முதுகுத் துணியைப் பாதி வெட்டியெடுத்து, அதையே வயிற்றுப் பக்கம் இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறேன். போன கோடையில் நான் இதைத் தைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வாசல் தெளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, இவ்ளோ மெனக்கெடுறியே, அதுக்கு எங்க சில்லுனு இருக்கும்னு அதுக்கே தெரியாதா? அங்க பாரு.”

பார்த்தேன். அப்போதுதான் தண்ணீர் தெளித்த சிவப்புச் சிமென்ட் திண்ணையில், பின்னங்கால்களைத் தவளைபோல் அகற்றி நீட்டி, வயிறு முழுவதும் தரையில் படும்படி பூந்தி படுத்திருந்தாள். முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அதைப்பற்றி அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.